சிக்னலில் மட்டும் சூடாகும் கார்: ரேடியேட்டர் ஃபேன் குறிப்புகள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. "ஹைவேல நூறு கிலோமீட்டர் போனாலும் ஒண்ணும் ஆகல சார். ரயில்வே கேட்ல பத்து நிமிஷம் நின்னா முள்ளு மேல ஏறிடுது." இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் முதலில் ரேடியேட்டரைக் கழற்றி சுத்தம் பண்ணுவார்கள், பிறகு வாட்டர் பம்ப் மாற்றுவார்கள், கடைசியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுவார்கள். எங்கள் தெருவில் ஒருவருடைய கார் இந்த மூன்றையும் கடந்து வந்தது. கடைசியில் காரணம், ஃபேன் மோட்டாரின் எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் இருந்த துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

அந்த வண்டியைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தை முறையாகக் குறித்து வைக்கலாம் என்று தோன்றியது. உதாரணத்துக்கு கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். சர்க்யூட் எளிமையானது, நம் ஊரில் இன்னும் ஓடுகிறது. தத்துவம் மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

எலக்ட்ரிக் ஃபேன் ஏன் வந்தது?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வண்டிகளின் பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஃபேனுக்குத் தனி மோட்டார் கிடையாது. இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் முன்முனையில் பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் புள்ளியிலேயே ஃபேனும் மாட்டியிருக்கும். இன்ஜின் சுற்றினால் ஃபேனும் சுற்றும். அறுந்துபோக வயர் இல்லை, எரிந்துபோக ஃபியூஸ் இல்லை.

முன்சக்கர இயக்கம் வந்ததும் இது மாறியது. இன்ஜினைக் குறுக்குவாக்கில் வைத்தால் பெல்ட் இருக்கும் முனை சக்கரத்தைப் பார்த்து இருக்கும், ரேடியேட்டரோ வண்டியின் முகப்பில் இருக்கும். 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். ரேடியேட்டரையே பக்கவாட்டுக்கு, சக்கரத்துக்கு அருகே கொண்டுபோனார்கள். பெல்ட் ஃபேனை வைத்துக்கொள்ள முடிந்தது, ஆனால் முகப்பில் நேராக மோதும் காற்று கிடைக்காமல் போனது. பின்னால் வந்த குறுக்கு இன்ஜின் கார்கள் ரேடியேட்டரை முன்னாலேயே வைத்து, ஃபேனுக்குத் தனியாக மின்மோட்டார் கொடுத்தன. 1983 டிசம்பரில் நம் சாலைக்கு வந்த மாருதி 800-ம் இந்த வழிதான்.

பெல்ட் ஃபேனில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி நிற்கும்போதுதான் ஃபேன் அதிகம் தேவை, அப்போதுதான் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது ஃபேன் வீணாகச் சுற்றி சக்தியைத் தின்னும். எலக்ட்ரிக் ஃபேன் இதைச் சரிசெய்தது. தேவைப்படும்போது முழு வேகம், மற்ற நேரம் ஓய்வு. அதற்கு ஈடாக மோட்டார், ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், வயர், எர்த் என்று கெட்டுப்போக ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

நின்றால் எவ்வளவு வேகமாகச் சூடாகும்?

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சின்ன பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் மணிக்கு 0.6 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆக உள்ளே போவது சுமார் 5,300 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்குப் போகிறது என்றால் கிட்டத்தட்ட 1,750 வாட். வீட்டு பாத்ரூம் கீஸர் 2,000 வாட். அதாவது சும்மா நிற்கும் வண்டிக்குள் ஏறக்குறைய ஒரு கீஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்ஜின் உலோகம் 60 கிலோ, கூலன்ட் 4 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்து 1 டிகிரி ஏற்ற சுமார் 50 கிலோஜூல் வேண்டும். 1,750 வாட்டில் அது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக காற்றே ஓடவில்லை என்றால் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏறும். பானட்டுக்குள் தானாகக் கசியும் வெப்பத்தைக் கழித்தால் இன்னும் மெதுவாக இருக்கும், சித்திரை வெயிலில் அந்தக் கழிவு பெரிசாக இருக்காது. 90-ல் தொடங்கினால் 12, 15 நிமிடத்தில் 115-ஐத் தொட்டுவிடலாம். ரயில்வே கேட் கதை கணக்கோடு ஒத்துப்போகிறது.

115-ல் ஏன் உடனே கொதிப்பதில்லை? ரேடியேட்டர் மூடி ஒரு பிரஷர் குக்கர் மூடி மாதிரி. ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அதனால் இன்ஜின் ஆறாமல் மூடியைத் தொடவே கூடாது.

நின்றால் சூடா, ஓடினால் சூடா?

கழற்ற ஆரம்பிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டம்தான் சந்தேகம். ஃபேன், அதன் சர்க்யூட், அல்லது ஷ்ரவுட் எனப்படும் பிளாஸ்டிக் கூடு.

நிற்கும்போது ஒழுங்காக இருந்து, மேட்டிலோ வேகத்திலோ ஏறினால் தண்ணீரோட்டம் சந்தேகம். அடைத்த ரேடியேட்டர், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப்.

எப்போதும் ஏறினால், கூலன்ட் அளவிலிருந்து ஹெட் கேஸ்கெட் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முள் கீழே இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. கூலன்ட் வடிந்துபோய் சென்சார் வெறும் ஆவியில் நின்றால், அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முள் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று தானாக விழுந்தால், அது ஆறியதன் அடையாளமாக இல்லாமலும் இருக்கலாம்.

சர்க்யூட்டை நடுவில் வெட்டிப் பார்ப்பது

ஆயிரம் வரி கோடில் எங்கே பிழை என்று தேடும்போது முதல் வரியிலிருந்து படிக்க மாட்டோம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, இதுவரை சரியா என்று பார்ப்போம். ஃபேன் சர்க்யூட்டிலும் அப்படி ஒரு நடுப்புள்ளி உண்டு: தெர்மோ ஸ்விட்ச்.

இது ரேடியேட்டரிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ திருகியிருக்கும். பெரும்பாலும் 90 முதல் 95 டிகிரிக்குள் மூடிக்கொண்டு ஃபேனை ஓடவிடும், சில டிகிரி இறங்கியதும் திறந்துகொள்ளும். பல ஸ்விட்சுகளின் உடம்பிலேயே இந்த இரண்டு எண்ணும் பொறித்திருக்கும். இதற்கு ஒரு பக்கம் வெப்பத்தை உணரும் வேலை, மறுபக்கம் முழுக்க மின்சார வேலை. ஆகவே சோதனை இப்படி:

வண்டியை நியூட்ரலில் வைத்து, கை, துண்டு, துப்பட்டா எல்லாம் ஃபேனிலிருந்து தள்ளி இருக்கட்டும். இக்னிஷனை ஆன் பண்ணுங்க. தெர்மோ ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைக்கவும்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், எர்த் எல்லாமே சரி. குற்றவாளி ஸ்விட்ச்தான், அல்லது சூடான கூலன்ட் ஸ்விட்ச்சை வந்து தொடவில்லை. கூலன்ட் குறைவாக இருந்தாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் அப்படி ஆகும். ஃபேன் ஓடவில்லை என்றால் ஸ்விட்ச்சை மறந்துவிட்டு மின்சாரப் பக்கம் போகலாம். மெதுவாக, சோம்பலாக ஓடினால் அதுவும் மின்சாரப் பக்கம்தான்.

ஒரு பின் மட்டும் உள்ள ஸ்விட்ச்சும் உண்டு. அது இன்ஜின் உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்துகிறது. டேஷ்போர்டு முள்ளுக்கான சென்சாரும் ஒற்றை வயரில்தான் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்பிஎஃப்ஐ வந்த பிறகான பல வண்டிகளில் தெர்மோ ஸ்விட்ச்சே கிடையாது. கணினிதான் சென்சாரைப் படித்து ரிலேயை இயக்கும். அந்தச் சென்சாரை ஷார்ட் பண்ணக் கூடாது. அதில் ஏசி போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை, பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும்.

ஸ்விட்ச் மேல் சந்தேகம் என்றால் கழற்றி அடுப்பில் சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், ஸ்விட்ச்சின் முனைகளில் மல்டிமீட்டர். 95-க்குள் மீட்டர் கூவ வேண்டும். சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாகவும் இருக்கும், அதனால் கழற்றும்போது சிந்துவதைக் குழந்தைகளும் தெரு நாய்களும் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார், ரிலே, ஃபியூஸ்

அடுத்த வெட்டு மோட்டார் கனெக்டரில். கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுங்க, பாசிட்டிவ் வயரில் ஒரு ஃபியூஸ் வைத்து. ஓடினால் மோட்டார் பிழைத்தது. ஓடவில்லை என்றால் மோட்டாரின் முதுகில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்க. தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது, மாற்றிவிடுவது நல்லது.

மோட்டார் நன்றாக இருந்தால் மிச்சம் ஃபியூஸ், ரிலே, வயர். ஃபியூஸ் எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்று கேட்க வேண்டும். புஷ் தேய்ந்து இறுகிப்போன மோட்டார் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கலாம். 15 ஆம்பியர் எரிகிறதே என்று 30 போட்டால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ரிலேயில் நான்கு கால்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 ஃபேனுக்குப் போவது, 85-ம் 86-ம் காயில். "டிக்"னு சத்தம் வருதே, ரிலே நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. அந்தச் சத்தம் காயில் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் காண்டாக்ட் கருகியிருந்தாலும் டிக் வரும். ஹாரனுக்கு அதே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சீக்கிரமான வழி.

மல்டிமீட்டர் பொய் சொல்லும் இடம்

எங்கள் தெரு வண்டியில் எல்லோரும் தவறவிட்டது இந்த இடத்தில்தான். கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள், 12.4 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருது சார், மோட்டார்தான் போச்சு."

மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், எர்த்தில் துரு மூடியிருந்தாலும், மீட்டருக்கு 12 வோல்ட் போய்ச் சேர்ந்துவிடும். ஃபேன் கேட்பது 8, 10 ஆம்பியர். அந்தக் கரண்ட் ஓடும்போதுதான் துருவின் சுயரூபம் தெரியும். ஒரு இணைப்பில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தால், 8 ஆம்பியரில் 1.6 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அது 13 வாட் வெப்பமாக அந்தச் சின்ன இணைப்பிலேயே இறங்கும். பழைய வண்டிகளில் ஃபேன் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருப்பது இதனால்தான்.

அதனால் கனெக்டரை மாட்டியபடியே, ஃபேனை ஓடவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை மோட்டாரின் நெகட்டிவ் வயரில். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு. இதையே பாசிட்டிவ் பக்கமும் செய்யலாம். மோட்டார் சுற்றவே இல்லை என்றாலும், சர்க்யூட்டை ஆன் செய்துவிட்டு அளந்தால், முழு 12 வோல்ட்டும் எந்த இடைவெளியில் தொலைகிறதோ அங்கேதான் வெட்டு. மீட்டர் இல்லாத எலக்ட்ரீசியன் கையில் இருக்கும் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இந்த விஷயத்தில் மீட்டரைவிட நேர்மையானது. கொஞ்சம் கரண்ட் இழுப்பதால் மோசமான இணைப்பில் மங்கிவிடும்.

மெதுவாகச் சுற்றினால் என்ன, சுற்றுகிறதே என்று விடவும் முடியாது. இந்த மோட்டார்களின் வேகம் வோல்ட்டேஜோடு சேர்ந்தே இறங்கும், காற்றின் அளவும் வேகத்தோடு இறங்கும். 13.5 கிடைக்க வேண்டிய இடத்தில் 10.5 கிடைத்தால் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டிசம்பரில் தெரியாது. மே மாதம் தெரியும்.

"டைரக்ட் குடுத்துடலாமா?"

ஸ்விட்ச் கிடைக்கவில்லை என்றால் பட்டறையில் வரும் யோசனை இது. சாவி போட்டதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், சாவி எடுக்கும் வரை ஓடும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இது நல்ல வழி. நிரந்தரமாக விட்டுவிடுவதில்தான் பிரச்சினை.

10 ஆம்பியர், 13.5 வோல்ட் என்றால் 135 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் பாதிக்குச் சற்று மேல், இன்ஜினின் திறன் கால் பங்கு என்று வைத்தால், இந்த 135 வாட்டுக்கு எரியும் பெட்ரோல் கிட்டத்தட்ட 1,000 வாட். மணிக்கு 0.1 லிட்டருக்கு மேல். ஐடிலிங்கில் குடிப்பதே 0.6 என்றோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்க. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் சேர்ந்தால் நிற்கும்போது பழைய ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாது, பேட்டரி கரையும். மோட்டாரின் பிரஷ்ஷும் பல மடங்கு வேகமாகத் தேயும்.

இதோடு தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றியிருந்தால் நிலைமை வேறு. வால்வு இருக்கும் வரை, இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டாமல் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. அதனால் ஃபேன் ஓடினாலும் இன்ஜின் சூடேறிவிடும். வால்வும் இல்லை, ஃபேனும் நிற்காது என்றால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. மைலேஜ் குறையும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேரும். சூட்டுக்குப் பயந்து செய்த இரண்டு வைத்தியமும் சேர்ந்து வேறு நோயைக் கொண்டுவரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வேலை என்னவோ எளிதுதான். ஆறிய இன்ஜின், கழற்றிய பேட்டரி நெகட்டிவ், பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் ஓடும், அதனால் பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது. ஃபேன் கூட்டைத் தூக்கும்போது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் இடிக்காமல் இருக்க, நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளலாம். இறக்கையைப் பிடித்திருக்கும் நட்டு சில மோட்டார்களில் இடது மரை. திருகத் திருக இறுகினால் பலத்தைக் காட்டாமல் எதிர்ப்பக்கம் முயன்று பாருங்க.

புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய மோட்டார் வாங்கினால், தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது. பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டு, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்க்கலாம்.

திசை மிக முக்கியம். இந்த மோட்டாரில் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், சூடு மட்டும் குறையாது. வண்டிக்கு முன்னால் ரேடியேட்டர் மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துப் பாருங்க. ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் வயரை மாற்ற வேண்டும்.

ஷ்ரவுட் உடைந்துவிட்டது என்று அதைக் கழற்றிவிட்டு ஃபேனை மட்டும் கட்டுவார்கள். 40-க்கு 35 சென்டிமீட்டர் ரேடியேட்டரின் பரப்பு 1,400 சதுர சென்டிமீட்டர். 28 சென்டிமீட்டர் ஃபேன் சுற்றும் வட்டம் 615. கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் அந்தப் பாதிக்கும் குறைவான பரப்பில்தான் காற்றை இழுக்கும், மீதி சும்மா இருக்கும்.

எல்லாம் மாட்டியதும் உடனே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ஃபேன் தானாக ஆன் ஆகி, தானாக ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆவதை இரண்டு மூன்று முறை பாருங்க. ஆன் ஆகிவிட்டு ஆஃப் ஆகவே இல்லை என்றால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது.

வழியில் முள் ஏறினால்

ஏசியை அணைக்கவும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து புளோயரை வேகமாக ஓடவிடவும். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வியர்த்துக் கொட்டினாலும் இன்ஜின் பிழைக்கும். முன்னால் சாலை காலியாக இருந்தால் 40, 50 வேகத்தில் ஓட்டுவதே வைத்தியம். நகரவே வழியில்லை, முள் சிவப்பை நெருங்குகிறது என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்துவிட்டால் ஃபேன் மோட்டாரின் விலையோடு கணக்கு முடியாது. ஹெட்டைக் கழற்றி, சமன்படுத்தி, கேஸ்கெட் மாற்றி மாட்டும் செலவு வந்து நிற்கும். பழைய வண்டி பல நேரம் அந்த பில்லோடுதான் காயலான் கடைக்குப் போகிறது.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி சூடாகுது, பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், நிற்கும்போது ஏறுகிறதா ஓடும்போதா, ஸ்விட்ச் கனெக்டரை ஷார்ட் பண்ணினால் ஃபேன் ஓடுகிறதா, ஓடும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்ற மூன்று பதிலையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்க. நல்ல மெக்கானிக் நேராக அந்த இடத்துக்குப் போவார். ரேடியேட்டரைக் கழற்றலாம் என்று ஆரம்பிப்பவரிடம் ஏன் என்று கேட்கவும் உங்களிடம் ஒரு காரணம் இருக்கும்.